பசித்த வகுப்பறையின் பிரதிநிதி: லண்டன் பள்ளி வாரியத்தில் அன்னி பெசன்ட், 1888–1891

அன்னி பெசன்ட் என்றதும் நமக்கு அடையாறு ஆலமரமும் பிரம்மஞான சபையும் தன்னாட்சி இயக்கமும் நினைவுக்கு வருகின்றன. 1917-இல் உதகமண்டலத்தில் காவலில் வைக்கப்பட்டதும், விடுதலையாகி அதே ஆண்டில் கல்கத்தா காங்கிரஸுக்குத் தலைமை ஏற்றதும் பாடப்புத்தகத்தில் படித்தவை. சென்னையில் ஒரு நகர்ப்பகுதியே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் 1893 நவம்பரில் தூத்துக்குடியில் வந்து இறங்கியபோதே அந்த அம்மையாருக்கு வயது 46. அதற்கு முன் அவர் வாழ்ந்த வாழ்க்கையை, நாத்திகராக இருந்தார், தொழிலாளர்களுக்காகப் பேசினார் என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறோம்.

அந்த ஒரு வரிக்குள் ஒரு தேர்தல் மறைந்து கிடக்கிறது. 1888 நவம்பரில் கிழக்கு லண்டனின் டவர் ஹாம்லெட்ஸ் தொகுதி வாக்காளர்கள் அவரை லண்டன் பள்ளி வாரியத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள். இங்கிலாந்தில் மக்களிடம் வாக்குப் பெற்று அவர் வகித்த பதவி அது ஒன்றுதான். பதவிக்காலம் மூன்று ஆண்டு, ஊதியம் கிடையாது. பள்ளிக்கூடம் கட்டுவது, ஆசிரியரை நியமிப்பது, வராத பிள்ளையைத் தேடிப்போவது, கணக்குப் பார்ப்பது ஆகியவைதான் வாரியத்தின் வேலை. நாடாளுமன்றத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய இடம்.

அந்தச் சிறிய இடத்தில் அமர்ந்து அவர் எழுப்பிய கேள்விகள் பெரியவை. பசித்த வயிற்றோடு வரும் குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதாகச் சொல்லிக்கொள்ளும் உரிமை ஒரு பள்ளி நிர்வாகத்துக்கு உண்டா? ஏழைக் குழந்தைக்காகப் பள்ளி கட்டும் பொதுப்பணம், அதைக் கட்டும் தொழிலாளியின் கூலியைக் குறைத்துக் கட்டலாமா? இந்தக் கேள்விகளை அவருடைய தனிப்பட்ட துணிச்சலை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது. அவரைப் போன்ற ஒருவர் உள்ளே நுழைய வழிவிட்டது அந்த வாரியத்தின் தேர்தல் விதி. ஆளையும் விதியையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாரியம் பிறந்த கதை

1870 வரை இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளின் படிப்பு பெரும்பாலும் திருச்சபைகளின் கையில் இருந்தது. சபைக்கு வசதி உள்ள ஊரில் பள்ளி இருந்தது. இல்லாத ஊரில் பிள்ளைகள் தெருவிலும் பட்டறையிலும் இருந்தார்கள். அந்த ஆண்டு வில்லியம் எட்வர்ட் ஃபார்ஸ்டர் கொண்டுவந்த தொடக்கக் கல்விச் சட்டம், பள்ளி போதாத இடங்களில் மக்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியங்களை அமைக்க வழிசெய்தது. வாரியம் உள்ளாட்சி வரியிலிருந்து பணம் பெற்றுப் பள்ளி நடத்தலாம். எந்த ஒரு சபைக்கும் உரிய மறைக்கல்வி நூலை அப்பள்ளிகளில் கற்பிக்கக் கூடாது. பிள்ளைகள் கட்டாயம் வர வேண்டும் என்று விதி இயற்றும் அதிகாரமும் வாரியத்துக்குக் கிடைத்தது.

லண்டனுக்கு ஒரே வாரியம். பத்துத் தொகுதிகள், 49 உறுப்பினர்கள். 1870 நவம்பர் 29-இல் முதல் தேர்தல் நடந்தது. வென்றவர்களின் பட்டியலைப் பார்த்தால் அந்தப் பதவிக்கு அன்று இருந்த மதிப்பு புரியும். இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்து திரும்பிய லாரன்ஸ் பிரபு முதல் தலைவரானார். டார்வினின் கொள்கைக்காக வாதாடிய அறிவியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி ஓர் உறுப்பினர். நாற்காலி மேசை செய்யும் தொழிலாளியான பெஞ்சமின் லூக்ராஃப்டும் ஓர் உறுப்பினர். பெண்களுக்கான உயர்கல்விக்காகப் போராடிய எமிலி டேவிஸும், மருத்துவர் எலிசபெத் காரெட்டும் வென்றார்கள். மேரில்போன் தொகுதியில் காரெட் பெற்ற வாக்குகள் 47,848. அதே தொகுதியில் இரண்டாவதாக வந்த ஹக்ஸ்லிக்கு 13,494.

பிரிட்டனில் பெண்கள் நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்க 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பள்ளி வாரியத்திலோ 1870-லேயே அவர்கள் வாக்களிக்கலாம், போட்டியும் இடலாம். வாக்காளர் உள்ளாட்சி வரி செலுத்துபவராக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஆகவே கைம்பெண்களும் திருமணமாகாத வீட்டுக்காரப் பெண்களும் வாக்களித்தார்கள். கணவன் பெயரில் வீடு உள்ள மனைவிக்குப் பெரும்பாலும் வாக்கு இல்லை. குழந்தை வளர்ப்பு பெண்ணின் வேலை என்ற பழைய எண்ணமே இந்தக் கதவைத் திறந்தது. திறந்த கதவு வழியே வந்தவர்கள் அந்த எண்ணத்தின் எல்லைக்குள் நிற்கவில்லை. வாரியம் இருந்த 34 ஆண்டுகளில் 29 பெண்கள் அதில் இடம்பெற்றார்கள். ஜான் ஸ்டூவர்ட் மில்லின் வளர்ப்பு மகள் ஹெலன் டெய்லர் அவர்களில் ஒருவர். 1880-களின் தொடக்கத்தில் ஒரு சீர்திருத்தப் பள்ளியில் சிறுவர்கள் பட்ட கொடுமையை வெளியே கொண்டுவந்தவர் அவர்.

வாக்கைக் குவிக்கும் உரிமை

இந்த வாரியத்தின் தேர்தல் முறையில் ஒரு தனித்தன்மை உண்டு. தொகுதியில் எத்தனை இடங்களோ, ஒவ்வொரு வாக்காளருக்கும் அத்தனை வாக்குகள். அவற்றை வேட்பாளர்களுக்குப் பிரித்துப் போடலாம். எல்லாவற்றையும் ஒருவருக்கே கொட்டவும் செய்யலாம். டவர் ஹாம்லெட்ஸில் ஐந்து இடங்கள். ஆக, ஐந்து வாக்கையும் ஒரே பெயருக்குப் போட ஒருவருக்கு உரிமை இருந்தது.

மதச் சிறுபான்மையினரைக் காப்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு இது. ஆங்கிலிக்கன் பெரும்பான்மை உள்ள பகுதியில் கத்தோலிக்கர்கள் தங்கள் வாக்குகளை ஒருவர் மேல் குவித்து ஓரிடத்தையாவது பெறலாம். நடைமுறையில் இது மற்றவர்களுக்கும் பயன்பட்டது. பெண்கள், தொழிலாளர்கள், சமதர்மவாதிகள், நாத்திகர்கள் என்று எந்தத் தொகுதியிலும் பெரும்பான்மை பெற முடியாதவர்கள் இந்த முறையில் வென்றார்கள். அவர்களை உண்மையாக விரும்பும் ஒரு கூட்டம் இருந்தால் போதும். எல்லோருக்கும் பிடித்தவராக இருக்க வேண்டியதில்லை. அன்னி பெசன்ட் எல்லோருக்கும் பிடித்தவராக ஒருநாளும் இருந்ததில்லை.

256 பெட்டிகள்

அவர் போட்டியிட்ட தொகுதியின் வறுமையை அளந்து வைத்த ஆவணம் ஒன்று உண்டு. சார்லஸ் பூத் என்ற வணிகர் லண்டன் மக்களின் வாழ்க்கை நிலையைத் தெருத்தெருவாகக் கணக்கெடுத்தார். அவர் நம்பிய முதன்மைச் சான்று பள்ளி வாரியத்தின் வருகை விசாரணையாளர்கள் வைத்திருந்த குறிப்பேடுகள். எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், தகப்பனுக்கு என்ன வேலை, பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1889-இல் வெளிவந்த பூத்தின் முதல் தொகுதி கிழக்கு லண்டன் மக்களில் 35 விழுக்காட்டினர் வறுமையில் இருப்பதாகச் சொன்னது.

அந்த வறுமையின் நடுவே பள்ளிக்குக் கட்டணமும் இருந்தது. திங்கட்கிழமை காலையில் பிள்ளை கையில் காசோடு வர வேண்டும். ஏழைப் பகுதிகளில் வாரத்துக்கு ஒரு பென்னி, இரண்டு பென்ஸ் என்ற அளவில் அது இருந்தது. பார்க்கச் சின்னக் காசு. அதைச் சம்பாதிக்க என்ன செய்ய வேண்டியிருந்தது என்று பார்ப்போம்.

கிழக்கு லண்டனின் வீடுகளில் தாயும் பிள்ளைகளும் தீப்பெட்டி ஒட்டினார்கள். சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்து வீடுகளை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டாம். ஒரு குரோஸ், அதாவது 144 பெட்டி ஒட்டினால் கூலி இரண்டேகால் பென்ஸ். பசையும் நூலும் அவர்கள் செலவு. வீட்டில் இரண்டு பிள்ளைகள், தலைக்கு இரண்டு பென்ஸ் கட்டணம் என்று வைத்துக்கொண்டால், நாலு பென்ஸுக்கு 256 பெட்டி ஒட்ட வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் பெட்டி ஒட்டும் கைகளில் இரண்டு குறையும். அனுப்பாவிட்டால் விசாரணையாளர் கதவைத் தட்டுவார். பெற்றோர் வாரியக் குழு முன் நின்று காரணம் சொல்ல வேண்டும். அடுத்தது நீதிமன்றமும் அபராதமும். கட்டணத் தள்ளுபடி கேட்க வழி இருந்தது. அதற்கும் தாய் தன் வறுமையை மேசைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் கனவான்கள் முன் விவரிக்க வேண்டும்.

இதே தீப்பெட்டிதான் அன்னி பெசன்ட்டை அந்த மக்களிடம் கொண்டு சேர்த்தது. 1888 ஜூன் 23-இல், பத்திரிகையாளர் ஸ்டெட்டுடன் சேர்ந்து அவர் தொடங்கிய 'தி லிங்க்' என்ற சிற்றிதழில், லண்டனில் நடக்கும் வெள்ளை அடிமைத்தனம் பற்றிய கட்டுரையை எழுதினார். பிரயண்ட் அண்ட் மே நிறுவனத்தின் போ பகுதித் தீப்பெட்டி ஆலையில் வேலை செய்த 16 வயதுப் பெண்ணுக்கு வாரம் நாலு ஷில்லிங் கூலி என்பதையும், கால் அழுக்காக இருந்தால்கூட மூன்று பென்ஸ் அபராதம் என்பதையும், பங்குதாரர்களுக்குக் கிடைத்த கொழுத்த ஈவுத்தொகையையும் அருகருகே வைத்துக் காட்டினார். ஜூலையில் சுமார் 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். அந்த வேலைநிறுத்தத்தைப் பெண் தொழிலாளர்களே முடிவுசெய்து நடத்தினார்கள் என்று வரலாற்றாசிரியர் லூயிஸ் ரா தக்க சான்றுகளோடு நிறுவியிருக்கிறார். வெற்றியின் புகழ் முழுவதையும் பெசன்ட் தலையில் சூட்டுவது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநீதி. செய்தியை வெளியே கொண்டுவந்ததும், நிதி திரட்டியதும், அவர்கள் அமைத்த சங்கத்தின் முதல் செயலாளராக உழைத்ததும் அவருடைய பங்கு.

ஒரு தாயின் வேட்புமனு

வேலைநிறுத்தம் முடிந்து நாலே மாதத்தில் தேர்தல். அந்த இலையுதிர்காலத்தில் டவர் ஹாம்லெட்ஸைச் சேர்ந்த ஒயிட்சேப்பல் பகுதியில் பெண்கள் அடுத்தடுத்துக் கொலை செய்யப்பட்டார்கள்; செய்தித்தாள்கள் அந்தத் தெருக்களைப் பீதியோடு எழுதிக்கொண்டிருந்தன. அந்தத் தெருக்களில்தான் பெசன்ட் பல கூட்டங்களில் பேசினார். கட்டணமில்லாக் கல்வி, மதம் சாராக் கல்வி, பசித்த பிள்ளைக்குச் சாப்பாடு, வாரியத்தின் ஒப்பந்த வேலைகளில் நியாயமான கூலி என்பவை அவர் முன்வைத்த கோரிக்கைகள். சமதர்மம் பேசிய ஃபேபியன் சங்கத்தில் 1885-இல் சேர்ந்தவர். சமதர்மவாதி என்று வெளிப்படையாகச் சொல்லியே வாக்குக் கேட்டார்.

எதிர்ப்பு பாதிரிமார்களிடமிருந்து வந்தது. அவருடைய பழைய வாழ்க்கையை எதிரிகள் கிளறினார்கள். 1867-இல் ஃபிராங்க் பெசன்ட் என்ற பாதிரியாரை மணந்து, நம்பிக்கை இழந்து, 1873-இல் பிரிந்து வந்தவர் அவர். 1877-இல் நாத்திக இயக்கத் தலைவர் சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து குடும்பக் கட்டுப்பாடு பற்றிய நூலை மறுபதிப்பிட்டதற்காகக் குற்றவாளிக் கூண்டில் நின்றார். ஆறு மாதச் சிறைத் தண்டனை மேல்முறையீட்டில் சட்ட நுணுக்கம் ஒன்றால் நீங்கியது. ஆனால் 1878-இல் நீதிமன்றம் அவருடைய மகள் மேபலை அவரிடமிருந்து எடுத்துத் தகப்பனிடம் ஒப்படைத்தது. நாத்திகம் பேசும், இத்தகைய நூல்களை வெளியிடும் பெண் ஒரு சிறுமியை வளர்க்கத் தகுந்தவர் அல்லர் என்பது தீர்ப்பின் சாரம்.

பத்து ஆண்டு கழித்து, ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் படிப்பைக் கவனிக்கும் பொறுப்புக்கு அதே பெண்ணை டவர் ஹாம்லெட்ஸ் தேர்ந்தெடுத்தது. 15,296 வாக்குகள் பெற்று ஐந்து வெற்றியாளர்களில் முதலிடத்தில் வந்தார்.

இந்த எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். அது வாக்குகளின் எண்ணிக்கை. வாக்காளர்களின் எண்ணிக்கை வேறு. ஒவ்வொருவரும் தங்கள் ஐந்து வாக்கையும் அவருக்கே கொட்டியிருந்தால் 3,060 பேர் போதும். எத்தனை பேர் குவித்தார்கள், எத்தனை பேர் பிரித்தார்கள் என்பது வாக்குப் பெட்டியோடு போன இரகசியம். அவர் யாருக்காக எழுதினாரோ அந்தத் தீப்பெட்டி ஆலைப் பெண்களில் பெரும்பாலோர் வயதாலும், தங்கள் பெயரில் வீடு இல்லாததாலும் வாக்களிக்க முடியாதவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அவர்களுக்காக அவர்களின் அக்கம்பக்கத்தார் வாக்களித்தார்கள். தொகுதிக்கு ஓர் இடம், ஆளுக்கு ஒரு வாக்கு என்ற முறையில் அவர் தோற்றிருக்கவும் கூடும். விருப்பத்தின் ஆழத்தையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்ட விதிதான் அவரை முதலிடத்தில் வைத்தது.

கூலி, பசி, கட்டணம்

1888-இல் வாரியத்தில் 55 உறுப்பினர்கள். தலைவர் ஜோசப் டிக்கிள் என்ற பாதிரியார். அவருடைய அணி செலவைக் குறைப்பதையே கொள்கையாகக் கொண்டிருந்தது. பெசன்ட்டுக்குத் துணையாக ஹாக்னி தொகுதியிலிருந்து ஸ்டூவர்ட் ஹெட்லம் வந்தார். அவர் கிறித்தவ சமதர்மம் பேசிய ஆங்கிலிக்கன் குரு. நாத்திகப் பெண்ணும் பலிபீடத்தில் நிற்கும் குருவும் ஒரே பக்கம் அமர்ந்து ஒரே தீர்மானத்துக்குக் கைதூக்கினார்கள். சிறுபான்மையாக இருந்துகொண்டு காரியம் சாதிக்க அவர்களுக்கு இருந்த வழி ஒன்றுதான்: புள்ளிவிவரத்தோடு வந்து, திரும்பத் திரும்பக் கேட்பது.

முதல் வெற்றி கூலியில் கிடைத்தது. பள்ளிக் கட்டடம், மேசை நாற்காலி, அச்சுவேலை என்று வாரியம் பெருந்தொகைக்கு ஒப்பந்தம் விட்டது. குறைந்த விலைக்கு எடுத்தவர் தொழிலாளியின் கூலியில் அதை ஈடுகட்டினார். தகப்பனின் கூலியைக் குறைத்துக் கட்டிய பள்ளியில் மகனுக்குப் பாடம். இந்த முரண்பாட்டைப் பெசன்ட்டும் ஹெட்லமும் எடுத்துக்காட்டி வாதிட்டார்கள். ஒப்பந்தக்காரர் அந்தந்தத் தொழிலில் நிலவும் நியாயமான கூலியைத் தர வேண்டும் என்ற விதியை வாரியம் 1889-இல் ஏற்றது. பிரிட்டனின் பொது அமைப்புகளில் இதில் முன்னோடி லண்டன் பள்ளி வாரியமே. இரண்டு ஆண்டு கழித்து, 1891 பிப்ரவரியில் நாடாளுமன்ற மக்கள் அவை அரசு ஒப்பந்தங்களுக்கும் நியாயக் கூலித் தீர்மானத்தை நிறைவேற்றியது. அதை முன்மொழிந்த சிட்னி பக்ஸ்டன் முன்பு இதே பள்ளி வாரியத்தில் உறுப்பினராக இருந்தவர். அப்போது கிழக்கு லண்டனின் போப்லர் தொகுதி உறுப்பினர்.

இரண்டாவது பசி. 1862 முதல் நடைமுறையில் இருந்த விதிப்படி, ஆய்வாளர் முன் பிள்ளை படித்து, எழுதி, கணக்குப் போட்டுக் காட்டினால்தான் பள்ளிக்கு மானியம். சாப்பிடாமல் வந்து கரும்பலகையைப் பார்த்தபடி தூங்கிவிழும் பிள்ளை தேர்வில் தவறினால் பள்ளியின் வருமானமும் குறையும். 1884-இலேயே மருத்துவர் ஜேம்ஸ் கிரைட்டன்-பிரவுன், பிள்ளைகள் படிப்புச் சுமையால் வாடுகிறார்கள் என்ற புகாரை விசாரித்து, பலருடைய உண்மையான நோய் பட்டினி என்று எழுதியிருந்தார். ஆனால் சாப்பாடு போடுவது யார் வேலை என்பதில் கடும் சண்டை. தரும அமைப்புச் சங்கம் போன்றவை, பள்ளி சோறு போட்டால் பெற்றோரின் பொறுப்புணர்ச்சி கெட்டுவிடும் என்று வாதிட்டன. ஒரு பென்னிக்குச் சாப்பாடு விற்கும் தரும முயற்சிகள் ஆங்காங்கே நடந்தன. கட்டணப் பென்னியே கொடுக்க முடியாத பிள்ளைக்குச் சாப்பாட்டுப் பென்னி எங்கிருந்து வரும்?

பெசன்ட் உறுப்பினராக இருந்த காலத்தில், 1889-இல், வாரியத்தின் குழு ஒன்று இதைக் கணக்கெடுத்தது. வாரியப் பள்ளிகளில் 43,888 பிள்ளைகள் வழக்கமாகவே போதிய உணவில்லாமல் வருகிறார்கள் என்று தெரிந்தது. மொத்தத்தில் 12.8 விழுக்காடு, எட்டில் ஒரு பிள்ளை. அவர்களில் பாதிப்பேருக்குக்கூடத் தரும அமைப்புகளின் சாப்பாடு எட்டவில்லை. சிதறிக்கிடந்த அமைப்புகளை ஒருங்கிணைக்கப் பள்ளி உணவுக் கூட்டமைப்பு ஒன்று அந்த ஆண்டே உருவானது. வரிப்பணத்தில் சாப்பாடு என்ற சமதர்மவாதிகளின் கோரிக்கை நிறைவேறவில்லை. ஆயினும் எண்ணிக்கை பதிவேட்டில் ஏறிவிட்டது. அதுவரை பட்டினி ஆசிரியை ஒருவரின் கண்ணில் பட்டு, அவர் மனத்தோடு முடிந்துபோகும் துயரம். இனி அது அரசு அமைப்பின் சொந்த அறிக்கையில் இருக்கும் எண். பதில் சொல்லியே ஆக வேண்டும். 1890-இல் வாரியம் தன் முதல் மருத்துவ அதிகாரியை நியமித்தது. பிள்ளையின் உடம்பும் பள்ளியின் கணக்கில் சேரத் தொடங்கியது.

மூன்றாவது கட்டணம். திங்கட்கிழமைக் காசை ஒழிக்க வேண்டும் என்ற குரலை வாரியத்துக்குள் விடாமல் எழுப்பியவர்களில் பெசன்ட் முன்நின்றார். பல முனைகளிலிருந்து வந்த அழுத்தத்தால் 1891-இல் சாலிஸ்பரியின் கன்சர்வேட்டிவ் அரசே சட்டம் கொண்டுவந்தது. பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுக்குப் பத்து ஷில்லிங் மானியம் கிடைத்ததால் பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் கட்டணம் நீங்கியது. 256 பெட்டிக் கணக்கு முடிவுக்கு வந்தது.

விலகலும் இழப்பும்

1889-இல், பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான ஹெலெனா பிளாவட்ஸ்கியின் 'இரகசியக் கோட்பாடு' நூலுக்கு மதிப்புரை எழுதப்போய், பெசன்ட் அந்தச் சபையில் சேர்ந்தார். சமதர்மத் தோழர்கள் திகைத்தார்கள். வாரியப் பணியை அவர் பாதியில் போட்டுவிடவில்லை. பதவிக்காலம் முடியும்வரை உறுப்பினராக இருந்தார். 1891 நவம்பர்த் தேர்தலில் மீண்டும் நிற்கவில்லை. அந்த ஆண்டு மே மாதத்தில் பிளாவட்ஸ்கி இறந்ததும் சபையின் பொறுப்புகள் அவர் தோளில் ஏறியிருந்தன. டவர் ஹாம்லெட்ஸில் ரூத் ஹோமன் என்ற மற்றொரு பெண் வென்று, வாரியத்தின் கடைசிநாள் வரை அங்கே உழைத்தார்.

பெசன்ட் கேட்டவை பின்னால் வந்தன. 1906-இல் பள்ளி உணவுச் சட்டம் உள்ளாட்சிகள் வரிப்பணத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட அனுமதித்தது. 1907-இல் பள்ளி மருத்துவப் பரிசோதனை சட்டமானது. இவற்றை வென்றெடுத்தவர்கள் பலர். தொழிற்கட்சியும் ஆசிரியர் சங்கங்களும், போயர் போர்க்காலத்தில் இளைஞர்களின் உடல்நிலையைக் கண்டு அரசு அடைந்த அச்சமும் அதில் சேரும். அவர்கள் எல்லோருக்கும் முன்னால் 1889-இன் எண்ணிக்கை இருந்தது.

ஆனால் அந்தக் கேள்விகளுக்கு இடம் கொடுத்த அமைப்பு அப்போது உயிரோடு இல்லை. 1902-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளி வாரியங்களைக் கலைத்துக் கல்வியை உள்ளாட்சி மன்றங்களிடம் கொடுத்தது. லண்டன் வாரியம் 1904-இல் முடிந்தது. நிர்வாகம் சீரானது என்றார்கள். ஆனால் லண்டன் மாவட்ட மன்றத்துக்குப் பெண்கள் போட்டியிட அன்று சட்டம் இடம் தரவில்லை. கல்விக் குழுவில் நியமன உறுப்பினராக மட்டுமே உட்காரலாம். 34 ஆண்டுகளாகத் தேர்தலில் நின்று வென்றவர்கள், அழைத்தால் வரும் விருந்தினர்களானார்கள். 1907-இல் சட்டம் திருந்தும்வரை இதுதான் நிலை. வாக்கைக் குவிக்கும் உரிமை திரும்ப வரவே இல்லை. நிர்வாக வசதிக்காக ஒரு தேர்தல் அமைப்பைக் கலைக்கும்போது முதலில் வெளியேறுபவர்கள் யார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சென்னையில் அந்த உறுப்பினர்

இந்தியாவுக்கு வந்த பெசன்ட்டிடம் பள்ளி வாரிய உறுப்பினர் உயிரோடு இருந்தாரா? ஓரளவுக்கு இருந்தார். 1898-இல் காசியில் மத்திய இந்துக் கல்லூரியை நிறுவினார். 1917-இல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். அவருடைய நெருங்கிய சகாவான பி.பி. வாடியா, 1918 ஏப்ரலில் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தவர்களில் ஒருவர்; திரு.வி.க. அதில் உடன் நின்றார்.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1909-இல் சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் ரிவ்யூ' இதழில் ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் முன்னேற்றம் பற்றி எழுதிய பெசன்ட், தாழ்த்தப்பட்ட குழந்தைகளை மேல்சாதிக் குழந்தைகளோடு ஒரே வகுப்பில் உட்காரவைப்பதை எதிர்த்தார். அவர்களுக்கு முதலில் தூய்மையும் ஒழுக்கமும் பழக்கப்பட வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். ஒயிட்சேப்பல் பிள்ளையின் அழுக்குக்கும் பசிக்கும் சமூகத்தைப் பொறுப்பாக்கியவர், சேரிப் பிள்ளையின் நிலைமைக்கு அந்தப் பிள்ளையையே பொறுப்பாக்கினார். அம்பேத்கர் 1945-இல் எழுதிய, காங்கிரஸும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்ற நூலில் இந்தக் கட்டுரையை எடுத்துக்காட்டிக் கண்டித்திருக்கிறார். கண்டனம் நியாயமானது. லண்டனில் அவரைக் கேள்வி கேட்கவும் வெளியேற்றவும் வாக்காளர்கள் இருந்தார்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அவர்கள் முன் நின்றாக வேண்டும். சேரிக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்மேல் அத்தகைய பிடி எதுவும் இல்லை. இருவேறு பெசன்ட்டுகளைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு உதவும். அவர் எழுதியதை அது நியாயப்படுத்தாது.

வரிப்பணத்தில் பள்ளிச் சாப்பாடு என்ற எண்ணம் சென்னையில் நிறைவேறியது அவருடைய அரசியல் எதிரிகளின் கையால். அவருடைய தன்னாட்சி இயக்கத்தைக் கடுமையாக எதிர்த்த நீதிக்கட்சியின் தலைவர் பிட்டி தியாகராயர், 1920-இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. தேர்தலில் வந்த உள்ளாட்சி அமைப்பு, வரிப்பணம், ஏழைப் பிள்ளையின் வயிறு. டவர் ஹாம்லெட்ஸ் உறுப்பினர் கேட்டது இதையேதான். 1956-இல் காமராசர், 1982-இல் எம்.ஜி.ஆர்., 2022-இல் காலை உணவு என்று அந்த வரிசை இன்றும் நீள்கிறது.

நம் ஊர்ப் பள்ளியின் நாற்காலி

நம்மிடம் லண்டனைப் போன்ற பள்ளி வாரியம் இல்லை. ஆனால் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு விகிதப்படி இடம். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும், வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அதன் பணி. 1888-இல் வாக்கில்லாமல் வெளியே நின்ற தீப்பெட்டி ஒட்டும் தாய்க்கு, இன்று நம் ஊரில் சட்டப்படி ஒரு நாற்காலி இருக்கிறது.

அந்த நாற்காலியில் உட்காரும் பெண்ணிடம் தீர்மான நோட்டை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிடுவதும் நடக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் அவர் மூன்று கேள்விகள் கேட்கலாம். இன்று எத்தனை பிள்ளைகள் சாப்பிடாமல் வந்தார்கள்? எத்தனை பிள்ளைகள் வரவே இல்லை, ஏன்? வந்த பணம் யார் கைக்குப் போனது? பதிலை அந்த நோட்டிலேயே எண்களாக எழுதச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டம் அடுத்து எந்தத் தேதியில் என்று தெரியாவிட்டால், நாளைக் காலையே போய்க் கேளுங்கள்.